சிக்கிமில் நடந்தது படுவான்கரையில் ஏன் நடக்கவில்லை? நாடுகளின் கொள்கைகளை எப்படி ஒப்பிடுவது?

படுவான்கரையான் (ஞாயிறு இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஐந்து ஏக்கர் வயல் செய்கிறவர். போன கிழமை எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பு எடுத்தவர் சிங்கப்பூர் இப்படிச் செய்தது, தென்கொரியா அப்படிச் செய்தது என்று ஒவ்வொரு நாடாகக் காட்டிவிட்டு, நாங்களும் அதையே செய்தால் முன்னேறலாம் என்று முடித்தார். எனக்கு அதோடு தொண்டை அடைத்துவிட்டது. ஏனென்றால் 2021இலும் இதைத்தான் சொன்னார்கள். இந்தியாவின் சிக்கிம் மாநிலம் இரசாயனப் பசளையை விட்டது, நாங்களும் விடுவோம் என்றார்கள்.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வராது என்று அறிவித்தார்கள். மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. நவம்பர் 24ஆம் திகதி தடையை எடுத்தார்கள். மொத்தமாக ஏழு மாதம்கூட வரவில்லை. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து வருடத்தில் மாறுவோம் என்றுதான் எழுதியிருந்தார்கள், அந்தப் பத்து வருடம் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் எங்கள் வட்டைக்கு, அதுதான் வயல்வெளிக்கு, வந்து சொல்லவில்லை.

சிக்கிமை எடுத்துப் பாருங்கள். 2003இல் சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். பிறகு இரசாயனப் பசளைக்குக் கொடுத்த மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2010இல் சேதன இயக்கம், அதாவது இரசாயனம் இல்லாத இயற்கை விவசாய இயக்கம், என்று தனியாக ஒன்றைத் தொடங்கி, வயல் வயலாகப் போய்ச் சான்றிதழ் கொடுத்தார்கள். பாவித்தால் தண்டனை என்ற சட்டம் வந்தது 2014இல்தான். 2016 ஜனவரியில் முழுச் சேதன மாநிலம் என்று பிரகடனம் செய்தார்கள். பதின்மூன்று வருடம்! அவர்கள் பதினோராவது வருடத்தில் போட்ட சட்டத்தை நாங்கள் முதல் நாளே போட்டோம்.

2021 டிசம்பரில் அப்பாவோடு வயலுக்குப் போனேன். பயிர் ஐம்பது நாள், கரும்பச்சையாக நிற்க வேண்டிய நேரம், எலுமிச்சைத் தோல் மாதிரி வெளிறிப்போய் நின்றது. அப்பா ஒரு இலையைக் கிள்ளி என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வரம்பில் நடந்து போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். வேகம்தான் பிழையா? மெதுவாகச் செய்திருந்தால் சரிவந்திருக்குமா? ஒரு நாட்டுக் கொள்கையை இன்னொரு நாட்டோடு ஒப்பிடும்போது நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சம்மாந்துறை வட்டை (ஞாயிறு இரவு 10.25)

தம்பி, நல்ல கேள்வி. நான் படித்தவன் இல்லை, முப்பது வருடமாக வயல் செய்கிறவன், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

ஒரு மூடை யூரியா 50 கிலோ. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 46, அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று, கூடினால் ஒன்றரை. ஒன்று என்றே வையுங்கள், அந்த 23 கிலோவை எடுக்க 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். 46 மூடை! ஒரு மூடைக்குப் பதிலாக 46 மூடை. அதை யார் செய்வது, எந்த மாட்டின் சாணத்தில் செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது, சேற்றுக்குள் யார் சுமந்து போய்க் கொட்டுவது? அதுவும் யூரியா மாதிரி போட்ட கிழமையே பயிருக்குப் போய்ச் சேராது, மண்ணில் கிடந்து மெதுவாகத்தான் இறங்கும். நாங்கள் விதைக்கிற இனம் எல்லாம் பசளைக்கு விளைகிற மாதிரி உண்டாக்கிய இனம். மூன்றரை மாத நெல்லிடம் போய்ப் பொறு என்று சொன்னால் அது பொறுக்குமா?

அந்தப் பெரும்போகத்தில் ஒரு கமநல நிலையத்தில் எங்களுக்குச் சேதனப் பசளை என்று மூடை கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் கொட்டினால் பொலித்தீன் துண்டு, போத்தல் ஓடு, சின்னச் சின்னக் கல். என் மகன் காலில் ஓடு ஏறி மூன்று தையல் போட்டது.

நாட்டு விளைச்சல் முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் டொன்னுக்கு மேல். அந்தப் போகம் 20 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. நட்டஈடு என்று 4,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். அந்தக் காசுக்கு முன்னமே பசளை வாங்கியிருந்தால் நட்டமே வந்திராது.

நெய்தல்நிலவன், ரொறன்ரோ (திங்கள் அதிகாலை 2.10)

தம்பிலுவில் ஆள் நான், இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. நீங்கள் எல்லாரும் அரசாங்கத்தை மட்டும் பேசுகிறீர்கள். மக்களையும் பேசுங்கள். இங்கே குப்பையை மூன்று வாளியில் பிரித்துப் போடு என்றால் எல்லாரும் பிரித்துப் போடுகிறார்கள். ஊரில் எந்தச் சட்டம் வந்தாலும் அதைச் சுற்றிப் போக வழி தேடுகிறார்கள். நல்ல கொள்கையைக் கொண்டுவந்தாலும் ஒழுங்கு இல்லாத இடத்தில் அது நிற்காது. கோபப்படாமல் யோசியுங்கள், எனக்கும் ஊர்மேல் அக்கறை இருக்கிறபடியால்தான் எழுதுகிறேன்.

பழைய போதனாசிரியர் (திங்கள் காலை 6.15)

முப்பத்திரண்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் படுவான்கரைத் தம்பிக்குப் பதில். வேகம்தான் பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேகமாகச் செய்து வெற்றி கண்ட நாடும் உண்டு.

இந்தோனேசியாவில் 1980களில் நெல்லுக்குப் பூச்சிமருந்தை அரசே மானியத்தில் அள்ளிக் கொடுத்தது, விலையில் பெரும்பங்கை அரசு கட்டியது. மருந்து அடிக்க அடிக்க கபிலநிறத் தத்தி, எங்கள் ஆட்கள் அறக்கொட்டி என்பார்களே அதுதான், கூடிக்கொண்டே போனது. ஏனென்றால் அந்த மருந்து தத்தியைத் தின்கிற சிலந்தியையும் மற்றப் பூச்சிகளையும் முதலில் கொன்றுவிடும். 1986இல் ஜனாதிபதி ஆணை ஒன்று, ஒரே அடியில் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் மானியத்தையும் முழுதாக நிறுத்தினார்கள். நாடு பட்டினி கிடக்கவில்லை, நெல் விளைச்சலும் விழவில்லை.

அப்படியென்றால் அங்கே என்ன வித்தியாசம்? மருந்து இல்லாவிட்டால் தத்தி குறையும் என்று விஞ்ஞானிகள் முன்னமே வயலில் போட்டுப் பார்த்து முடிவு தெரிந்துவிட்டது. எடுத்த பொருளுக்குப் பதிலாக வயலிலேயே இருக்கிற சிலந்தி வேலை செய்தது, அதற்கு லொறியும் வேண்டாம் கப்பலும் வேண்டாம். 1989இலிருந்து விவசாயிகளுக்கு வயல் பள்ளிக்கூடம் என்று நடத்தினார்கள். கிழமைக்கு ஒரு நாள் இருபத்தைந்து முப்பது பேர் வயலில் இறங்கி, ஒரு பயிரைப் பிடித்து அதில் எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணி, கடதாசியில் படம் கீறி, அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். அந்த முறையைப் பிறகு இங்கேயும் கொண்டுவந்தோம். நான் இறங்கி நின்று நடத்தியிருக்கிறேன். என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வியட்நாம் இன்னும் அழகு. 1994இல் மேகொங் கழிமுகத்தில் விவசாயிகளிடம் சொன்னது ஒரே ஒரு விசயம். விதைத்து முதல் 40 நாளைக்கு இலைதின்னிப் புழுவுக்கு மருந்து அடிக்காதே, நம்பிக்கை இல்லாவிட்டால் உன் வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டுப் பார், அறுவடையில் நீயே ஒப்பிடு. வானொலியில் சின்னச் சின்ன நாடகமாகப் போட்டு இதைப் பரப்பினார்கள். பார்த்தவன் நம்பினான், பக்கத்து வயல்காரனுக்குச் சொன்னான். அதே வழியில் போய்த்தான் பிறகு விதையைக் குறை, பசளையைக் குறை, மருந்தைக் குறை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டார்கள். பசளையைக் குறைக்கச் சொன்ன நாடு அதுவும்தான், தம்பி. குறைக்கச் சொன்ன விதத்தைப் பாருங்கள்.

சிக்கிம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலைநாட்டில் முன்னமும் பசளைப் பாவனை மிகக் குறைவு. அவர்களுடைய அரிசியில் பெரும்பகுதி கீழே சமவெளியிலிருந்து லொறியில் வருகிறது. ஏலக்காயும் இஞ்சியும் விற்கிற மலைநாடு அது. நாட்டுக்கே சோறு போடுகிற அம்பாறையை அதனோடு எப்படி ஒப்பிடுவது? பூட்டானும் 2020இற்குள் முழுச் சேதனம் என்று சொல்லி, முடியாமல் தள்ளிவைத்தது. அதை எங்களுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.

படுவான்கரையான் (திங்கள் காலை 7.50)

சேர், மிக்க நன்றி. பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். இந்தோனேசியா எனக்குத் தெரியாது. நான் வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வேறு இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள். அங்கே வயலில் பார்த்துவிட்டு மேலே சட்டம் போட்டார்கள், இங்கே மேலே சட்டம் போட்டுவிட்டு வயலில் பார்த்தார்கள். நான் சொல்வது சரியா சேர்?

பழைய போதனாசிரியர் (திங்கள் மதியம் 1.05)

சரிதான், ஆனால் பாதி. பார்த்தால் போதாது, பார்த்ததை மேலே சொல்ல ஆள் வேண்டும். ஒரு காலத்தில் எங்களுக்குக் கீழே கிராமம் கிராமமாக விரிவாக்க ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு வயலில் இலை மஞ்சளாகாது. 1980களின் கடைசியில் அப்படி இருந்த ஏறக்குறைய 2,400 பேரைக் கிராம சேவகர்களாக மாற்றிவிட்டார்கள். அதோடு ஒரு போதனாசிரியர் தலையில் பல கிராமம், ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பம் விழுந்தது. 2021இல் கொழும்பிலிருந்து ஆணை இறங்கி வருவதற்கு வழி இருந்தது. எலுமிச்சை நிறத்தில் பயிர் நிற்கிறது என்ற செய்தி ஏறிப் போக வழி இருக்கவில்லை. விவசாயிகள் ரோட்டில் இறங்கி மறித்துத்தான் அந்தச் செய்தியை மேலே அனுப்பினார்கள். அதற்குள் போகம் போய்விட்டது.

வந்தாறுமூலை மாணவி (திங்கள் மாலை 5.30)

கம்பஸில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். இங்கே எழுதுகிற பெரியவர்கள் சொல்வது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. நான் ஒரு உதாரணம் சேர்க்கலாமா?

மெக்சிகோவில் 1997இல் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தாயும் பிள்ளையும் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்கக் காசு இல்லை. அதனால் ஆய்வுக்கென்று 506 ஊர்களை எடுத்து, அதில் 320 ஊருக்கு முதலில் கொடுத்து, 186 ஊருக்குப் பிந்திக் கொடுத்தார்கள். எது முந்தி எது பிந்தி என்பதைச் சீட்டுக் குலுக்குவது மாதிரித்தான் தீர்மானித்தார்கள். இரண்டு கூட்டத்தையும் அளந்து பார்த்தார்கள், காசு கிடைத்த ஊரில் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், மேல்வகுப்புக்குப் போவது கூடியிருந்தது. 2000இல் ஆட்சி மாறியது, எழுபது வருடத்துக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றது. புது ஆட்சி பெயரை மாற்றியது, ஆனால் திட்டத்தை நிறுத்தவில்லை, இன்னும் பெரிதாக்கியது. அளவு கையில் இருந்தபடியால்தான் அது தப்பியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரேசில் 2001இல் முதலில் ஏழைக் குடும்பங்களுக்கு என்று ஒரே பதிவேட்டை உருவாக்கியது. 2003இல் சிதறிக் கிடந்த பல உதவித் திட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. பதிவு செய்வது நகரசபை, காசு போவது நேராக வங்கி அட்டைக்கு, அட்டை பெரும்பாலும் தாயின் பெயரில். ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் எங்கள் அஸ்வெசும திட்டமும் கடதாசியில் இதே மாதிரித்தான். ஆனால் அது 2023இல் வந்தபோது ஊரில் எவ்வளவு குழப்பம்! ஏன் என்று படுவான்கரை அண்ணாதான் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர்.

படுவான்கரையான் (திங்கள் இரவு 10.15)

தங்கச்சி, சொல்கிறேன், என் பெயர் தெரியாத இடம் என்பதால் மனம் திறந்து சொல்கிறேன்.

அஸ்வெசும திட்டத்தில் ஒரு குடும்பத்தைக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப விபரம் என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டியால் அளந்து புள்ளி போடுவார்கள். புள்ளியை வைத்து நான்கு வகுப்பு. தொடங்கும்போது ஆகக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு மாதம் 15,000, ஆக மேலே இருப்பவர்களுக்கு 2,500. எண்ணம் நல்லது. முந்திய சமுர்த்தி உதவி யாருக்கு என்பதை ஊர் அரசியல்வாதி தீர்மானிக்கிறார் என்ற பழைய முறைப்பாட்டை இது தீர்க்கும் என்று நானும் நம்பினேன்.

நான் தகவல் திரட்டப் போன வீடு ஒன்று. விதவைத் தாய், இரண்டு பிள்ளைகள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த கல்வீடு, உள்ளே பூச்சு இல்லை, ஒரு அறைக்குக் கதவு இல்லை. அவர் வாசலில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும் அந்தப் பாயையே விரித்து இருக்கச் சொன்னார். நான் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பதிந்தேன். சுவர் என்ன? கல். கூரை என்ன? ஓடு. கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது. நான் ஒரு பிழையும் பதியவில்லை, அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. என்னிடம் வந்து கேட்டார், தம்பி நீங்கள் என் பாயில் இருந்துதானே எழுதினீர்கள் என்று. எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன். நாடு முழுக்க இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனது, அதில் இது ஒன்று. பிறகு கிடைத்தது, ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் மூத்த பிள்ளை டியூசனை விட்டுவிட்டான்.

பிரேசிலின் பதிவேட்டில் பெயர் சேர்ப்பதற்கு நகரசபை அலுவலகம் வருடம் முழுக்கத் திறந்திருக்கிறது, விபரத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வேலை போனால் அடுத்த மாதமே போய்ச் சொல்லலாம். எங்களுக்கு விண்ணப்பிக்க ஒரு காலம், முறையிட ஒரு காலம், கதவு திறந்து மூடும். வாழ்க்கை அப்படித் திகதி பார்த்து உடைவதில்லை.

இன்னொன்று. ஆந்திராவில் நூறுநாள் வேலைத் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கை என்று செய்தார்கள். யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு காசு என்பதை ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னும் சத்தமாக வாசிப்பார்கள். நான் வேலை செய்யவே இல்லையே, என் பெயரில் யார் காசு எடுத்தது என்று அங்கேயே ஒருவர் எழும்புவார். நாங்கள் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினோம். வாசிக்கத் தெரியாதவருக்குச் சுவர் என்ன சொல்லும்?

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1997இல் இந்திய அரசு ரேசன் அரிசியை ஏழைகளுக்கு மட்டும் என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. செலவு கூடத்தான். ஆனால் யார் ஏழை என்று சுவரையும் ஓட்டையும் எண்ணுகிற வேலையே அங்கே இல்லை. அந்தத் தாயின் பாயில் இருந்தபோது எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

கல்முனைக் கடற்கரை (செவ்வாய் காலை 5.50)

சுபஹுக்குப் பிறகு இருந்து முழு இழையையும் வாசித்தேன். தம்பிமார், பசளையும் காசும் பேசினீர்கள், நான் நூறு மீட்டரைப் பேச வேண்டும். இருநூறு மீட்டர் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுனாமி இந்த நாட்டில் ஆகக் கூடுதலாக உயிர் எடுத்தது அம்பாறைக் கரையில். எங்கள் வீடு கடலில் இருந்து எண்பது மீட்டர். அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். அப்போது அறிவித்தார்கள், தெற்கிலும் மேற்கிலும் நூறு மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது, வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று. பாதுகாப்புக்குத்தான் என்றார்கள், இருக்கலாம். ஆனால் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எப்படி இருக்கும் என்று அந்தக் கோட்டைக் கீறியவர் வந்து பார்த்தாரா? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம், அதில் வீட்டுக் கூரையும் கூரையும் முட்டிக்கொண்டு நிற்கும். இருநூறு மீட்டரை எடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவது? சொந்த அத்திவாரத்தில் கூடாரம் அடிக்கக்கூடப் பயந்தோம்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தத் தூரத்தை இடத்துக்கு இடம் வேறாகக் குறைத்தார்கள். முதலிலேயே இடத்தைப் பார்த்துக் கீறியிருந்தால் அந்த ஒரு வருடம் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள் என்று பிறகு ஒரு கூட்டத்தில் தெரிந்துகொண்டேன். 2005 மார்ச்சில் அரசாணை. இருநூறு மீட்டருக்குள் வீடு உடைந்தவர்கள் அப்பால் போனால் அரசு புது வீடு தரும், போக விருப்பமில்லாவிட்டால் அதே இடத்தில் தன் செலவில் திருத்திக்கொள்ளலாம், ஆனால் உதவி இல்லை. அதிலும் குறை உண்டு, காசில்லாதவருக்கு அது பெரிய தெரிவு இல்லை, மீன்பிடிக்கிற சனம் கடலை விட்டு எப்படிப் போகும்? ஆனாலும் போகவா இருக்கவா என்று ஒரு கேள்வியாவது கேட்டார்கள். இந்தோனேசியாவின் அச்சேயில் முதலில் இரண்டு கிலோமீட்டர் என்று திட்டம் போட்டு, சனம் தங்கள் ஊருக்கே திரும்பத் தொடங்கியதும் கைவிட்டார்கள். பிறகு ஊர்க்காரர்களையே கூட்டி, இது யார் காணி, எல்லை எங்கே, பாதை எங்கே என்று வரைபடம் கீற வைத்தார்கள். காணி உறுதி கடலோடு போன சனத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா? என் உம்மாவின் உறுதி இன்றும் இல்லை.

நெய்தல்நிலவன், ரொறன்ரோ (செவ்வாய் காலை 8.30)

ராத்தா, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கனநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் பெரியம்மாவையும் அன்றைக்குத்தான் இழந்தோம். நான் ஒழுங்கு என்று எழுதியதை இந்த இடத்தில் திரும்பச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. தண்ணீர் பங்கிடுவதற்குக்கூட எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்பதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவன் நான். கேட்டுச் செய்தால் மட்டும் சரிவருமா?

பழைய போதனாசிரியர் (செவ்வாய் மாலை 4.20)

தம்பி, நீங்கள் தண்ணீரைத் தொட்டது நல்லதாய்ப் போயிற்று. உங்கள் கேள்விக்குப் பதில் அம்பாறையிலேயே இருக்கிறது.

பட்டிப்பளை ஆற்றை, இன்றைக்கு எல்லாரும் கல்லோயா என்கிறார்கள், மறித்து இங்கினியாகலையில் அணை கட்டிய திட்டம் அமெரிக்காவில் இருந்து எடுத்த கொள்கை. 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் டென்னசிப் பள்ளத்தாக்குக்கு என்று தனி அதிகாரசபை அமைத்து அணை, மின்சாரம், விவசாயம் எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தார்கள். இந்தியா 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக்கு அதே மாதிரி ஒன்றை அமைத்தது. இலங்கை 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது, அணையைக் கட்டியதும் அமெரிக்கக் கம்பனி. ஆனால் டென்னசியில் அந்தப் பள்ளத்தாக்குச் சனத்துக்கு என்று செய்ததை, இங்கே வெளியிலிருந்து ஆட்களைக் குடியேற்றிச் செய்தார்கள். அதன் விளைவு என்ன, 1956இல் தமிழருக்கு எதிராக இங்கே நடந்த கலவரம் என்ன, இந்த மாவட்டத்தின் சனத்தொகை எப்படி மாறியது என்பது இங்கே எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். சட்டத்தின் வாசகத்தைக் கடன் வாங்கினார்கள், யாருக்காக என்பதை மாற்றிவிட்டார்கள்.

இனி அதே கல்லோயாவில் நடந்த இன்னொன்று. 1970களின் கடைசியில் இடது கரை வாய்க்கால் எல்லாம் இடிந்து, தலைமடைக்காரர் வேண்டியபடி எடுக்க, கடைமடைக்குத் தண்ணீரே போகவில்லை. தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழர்கள். நீங்கள் சொன்ன மண்வெட்டிச் சண்டைதான். நாட்டில் ஆக மோசமான திட்டம் என்று அதிகாரிகளே கைவிட்ட இடம். 1981இல் படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாகத் தெரிந்து விவசாயிகளோடு குடியிருக்க அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸ் நீர்ப்பாசன நிர்வாகம் 1976 முதல் செய்துபார்த்த முறை அது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. அந்தப் பிள்ளைகள் போன வருடம் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். அவர்கள் ஒரு சட்டமும் கொண்டுபோகவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், ஒரு வாய்க்காலுக்குப் பத்துப் பதினைந்து பேராகக் கூட்டினார்கள், உங்களுக்கு என்ன கஷ்டம், நீங்களே என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். சில கிழமைக்குள் விவசாயிகள் வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கி, முறைத் தண்ணீர் வைத்து, மிஞ்சியதைக் கடைமடைக்கு விட்டார்கள். சிங்கள விவசாயி தமிழ் விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் விட்டார், அதுவும் நாடு எரியத் தொடங்கிய காலத்தில். அதே சனம், அதே மண்வெட்டி, தம்பி.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடைமடையில் ஒரு முதியவர் வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் இரண்டு கையையும் விட்டு அளைந்துகொண்டு நின்றார். பல வருடத்துக்குப் பிறகு கோடைச் சிறுபோகத்தில் தண்ணீரைக் கண்டவர் அவர்.

வந்தாறுமூலை மாணவி (செவ்வாய் இரவு 7.45)

சேர், எங்கள் மாகாணத்திலேயே நடந்த கதை, எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே! எங்கள் ஒப்பீட்டுப் பாடத்தில் அரசியலமைப்பு, பாராளுமன்றம், கட்சி முறை என்று நாடு நாடாக எழுதிப் பாடமாக்குகிறோம். வாய்க்கால்மட்டத்தில் ஒருவர் இருந்தாரா, அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்று ஒரு கேள்வியும் வினாத்தாளில் வராது. என் ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுக்கலாமா? அமைப்பாளர்களாக இருந்தவர்கள் யாராவது இப்போதும் இருக்கிறார்களா?

படுவான்கரையான் (செவ்வாய் இரவு 9.10)

எடுங்கள் தங்கச்சி, எடுக்கத்தான் வேண்டும். நான் கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போது வேறு கேள்வி கிடைத்துவிட்டது. அடுத்த முறை யாராவது ஒரு நாட்டைப் படமாகக் காட்டினால் கையை உயர்த்திக் கேட்கப்போகிறேன்: அங்கே இதை முதலில் எந்த ஊரில் செய்து பார்த்தார்கள், பிழைத்தபோது அதை யார் யாரிடம் சொன்னார்கள்?

2024இல் பசளை மானியத்தை ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் ஆக்கினார்கள், அது விவசாயியின் வங்கிக் கணக்குக்குக் காசாகவே வருகிறது. மூடையாகக் கொடுத்த காலத்தைவிட இதில் களவு குறைவு என்று எனக்குப் படுகிறது. ஆனால் அப்பா சொல்கிறார், யூரியா போட வேண்டிய நாளுக்கு முந்தி அந்தக் காசு வந்தால்தான் அது மானியம், பிந்தி வந்தால் கடைக்காரனின் வட்டிக்குத்தான் போகும் என்று. இந்தத் திகதிக் கணக்கையாவது ஊர் ஊராக எழுதிவைத்தால் மேலே அனுப்ப ஒரு காரியம் இருக்கும். விதைத்தது எந்த நாள், காசு விழுந்தது எந்த நாள். ஆளுக்கு இரண்டு திகதி, அவ்வளவுதான். சம்மாந்துறைக் காக்கா, உங்கள் பக்கம் சேர்ந்து தருவீர்களா?

சம்மாந்துறை வட்டை (செவ்வாய் இரவு 10.40)

தருகிறேன் தம்பி. எங்கள் பக்கம் போகம் தொடங்க முந்தி விவசாயிகள் கூடுகிற ஆரம்பக் கூட்டம் வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. தண்ணீர் பார்க்கிற வட்டைவிதானையிடம் இப்போதே சொல்லிவிட்டேன், வருகிற எல்லாரிடமும் அந்த இரண்டு திகதியையும் கேட்டு எழுதுவோம். மகனை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

சேர் எழுதியதை வாசித்துவிட்டு வாப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முறைத் தண்ணீர் எழுதின பழைய கொப்பி ஒன்று அதற்குள் இருக்கிறது, 1982. எந்த வாய்க்கால், எத்தனை மணித்தியாலம், யார் முறை என்று வாப்பாவின் கையெழுத்தில். சில பக்கத்தைக் கறையான் தின்றிருக்கிறது. தங்கச்சிக்கு வேண்டுமென்றால் வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும், வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பேன்.